பாட வேண்டாம், உட்கார்ந்து கேளுங்கள்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். ஏற்காடு மலையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். இரண்டு வருஷமாகப் போரர் என்னும் தண்டுப் பூச்சி விழுந்து, பாதிச் செடிக்கு மேல் பிடுங்கி எரித்துவிட்டோம். என் நகை முழுக்க அடகில் இருக்கிறது. மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை, பார்த்துக்கொள்வது நான்தான். மகன் சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். பன்னிரண்டு வருஷம் சபைப் பாடகர் குழுவில் பாடியவள் நான். இப்போது வாய் அசைகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. குழுவிலிருந்து விலகிவிடவா? கன்வென்ஷனுக்கு வந்த ஒரு பிரசங்கியார், முறுமுறுக்கிற வீட்டில்தான் பூச்சி விழும் என்றார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில், "சிரித்த முகமாயிரு, அதுதான் சாட்சி" என்கிறார்கள். "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்பது கட்டளைதானே? என்னால் முடியவில்லை. நான் கீழ்ப்படியாதவளா? நிலையான சந்தோஷம் என்று ஒன்று நிஜமாகவே உண்டா, இல்லை அது பிரசங்கத்தில் மட்டும்தானா? சில ராத்திரி, ஏன்தான் விடிய வேண்டும் என்றுகூடத் தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கியிருக்கிறேன்.)

பதில்:

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய வரியை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏன் விடிய வேண்டும் என்று தோன்றுகிற அந்த ராத்திரிகளில், செத்துப்போய்விடலாம் என்ற எண்ணமும் வருகிறதா? சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இருக்கிற எண்ணத்தை வாய்விட்டுச் சொல்ல ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான். "ஆமாம்" என்பது உங்கள் பதிலானால், இந்தக் கடிதத்தின் மீதியைப் பிறகு படிக்கலாம். இன்றைக்கே உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். தோட்டத்துக்கு வாங்கி வைத்திருக்கிற மருந்துகளையெல்லாம் அவர் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று அரசாங்கம் நடத்தும் சேவை அது. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வர யோசிக்காதீர்கள்.

சரி, இப்போது பூச்சிக்கு வருவோம்.

அந்தப் பிரசங்கியார் சொன்னது தவறு. மரியாதைக்காகக்கூட அதை நான் மழுப்பப் போவதில்லை. ஓய்வு பெறுவதற்கு முன்னால் மலைச் சபை ஒன்றில் ஆறு வருஷம் ஆயராக இருந்தவன் நான். பிரசங்கம் கேட்டதைவிட அதிகமாக என் சபையார் போரரைப் பற்றித்தான் பேசுவார்கள். அதனால் எனக்கும் கொஞ்சம் தெரியும். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்கிற இந்தப் போரர் அரபிகா காப்பிச் செடியின் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு தண்டுக்குள் இறங்கிக் குடையும். தண்டில் மேடு தட்டி, இலை மஞ்சளித்து வாடும்போதுதான் நமக்கே தெரியவரும். அதற்குள் காரியம் முடிந்திருக்கும். நிழல் குறைந்து வெயில் நேராக அடிக்கிற தோட்டம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். இந்த வீட்டில் குடும்ப ஜெபம் உண்டா, இந்த அம்மா முறுமுறுக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு அது பறந்து வருவதில்லை. காப்பி வாரியத்து அலுவலர் சொல்லுகிற வழியைக் கேளுங்கள். அவருக்கு இந்தப் பூச்சியைத் தெரியும், அந்தப் பிரசங்கியாருக்குத் தெரியாது.

பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டுமில்லை என்று இயேசு சொன்னது யோவான் 9-இல் இருக்கிறது. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேர். ஏழு நாள் ராப்பகல் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்து "நீ என்னமோ செய்திருக்கிறாய்" என்று ஆரம்பித்ததும் கெட்டது. கடைசி அதிகாரத்தில் தேவனுக்குக் கோபம் வந்தது புலம்பின யோபுவின்மேல் அல்ல, விளக்கம் சொன்ன சிநேகிதர்கள்மேல்தான். கன்வென்ஷன் மேடைகளில் இந்தப் பகுதியை அதிகம் வாசிக்கக் கேட்டதில்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்." பிலிப்பியர் 4:4. ஆமாம், கட்டளைதான். ஆனால் யார், எங்கேயிருந்து, யாருக்கு எழுதினது என்பதைப் பார்க்காமல் அந்த ஒரு வசனத்தை மட்டும் வெட்டியெடுத்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

எழுதினவர் பவுல். இருந்த இடம் காவல். ரோமாபுரியில் என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்துக் காவல் என்றால், அரசாங்கம் மூன்று வேளை சோறு போடும் என்று நினைத்துவிட வேண்டாம். வெளியே இருக்கிற சொந்தபந்தம் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. பிலிப்பி சபையார் காசும் பொருளும் சேர்த்து எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். வந்தவர் வியாதிப்பட்டுச் சாகக் கிடந்தார். அவர் பிழைத்ததைப் பற்றி எழுதும்போது பவுல் என்ன சொல்கிறார் தெரியுமா? "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு வராதபடிக்குத் தேவன் இரங்கினார் என்கிறார். இரண்டாம் அதிகாரம், 27-ஆம் வசனம். அப்படியானால் ஒரு துக்கம் ஏற்கெனவே அவரிடம் இருந்தது; இன்னொன்று அதன்மேல் விழாமல் தப்பியது. மூன்றாம் அதிகாரத்தில் ஒரு விஷயத்தைக் "கண்ணீரோடும்" சொல்லுகிறேன் என்று எழுதுகிறார். நான்கே அதிகாரம் உள்ள சின்ன நிருபம், அதாவது கடிதம், அது. சந்தோஷம் என்ற சொல்லும் அதன் உறவுச் சொற்களும் மூலத்தில் சுமார் 16 முறை வருகின்றன. அதே நிருபத்தில்தான் அந்தத் துக்கமும் அந்தக் கண்ணீரும் இருக்கின்றன. கண்ணைத் துடைத்துவிட்டு அப்புறம் சந்தோஷத்தைப் பற்றி எழுதவில்லை அவர். ஒரே பேனா, ஒரே வாரம், இரண்டும் அதில் வந்துவிட்டன.

அதனால் சங்கத்தில் சொல்லுகிற அந்தச் "சிரித்த முகம்" பவுலிடமே இல்லை. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஒருவர் அழுதால் நமக்குக் கை கால் ஓடுவதில்லை. அழுகை நின்றால் போதும் என்று ஏதாவது சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஊழியத்துக்கு வந்த புதிதில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் "அழாதீங்கம்மா, பிள்ளை கர்த்தரிடத்தில் இருக்கிறது" என்றேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "அது தெரியும் ஐயா, என்கிட்ட இல்லையே" என்றார். அந்தப் பதிலைக் கேட்டபிறகு துக்க வீடுகளில் என் வாய் கொஞ்சம் அடங்கியது.

இன்னொன்று. இதை நான் புரிந்துகொள்ளவே இருபது வருஷம் ஆயிற்று. தமிழில் "இருங்கள்" என்றால் இரண்டு அர்த்தம். பலரைப் பார்த்தும் சொல்லலாம், ஒருவரை மரியாதையாகவும் சொல்லலாம். மேடையில் நின்று ஒருவர் "சந்தோஷமாயிருங்கள்" என்றதும், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிற நீங்கள், "என்னைத்தான் சொல்கிறார்" என்று எடுத்துக்கொள்கிறீர்கள். மூல மொழியாகிய கிரேக்கில் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அது பன்மை. சுத்தமான பன்மை. ஒரு சபை முழுவதையும் பார்த்துச் சொன்னது. அதற்கு இரண்டு வசனம் முன்னால்தான் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களுக்குள் இருந்த மனஸ்தாபத்தைத் தீர்த்து வைக்கச் சொல்கிறார். (பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சண்டை அப்போதே இருந்திருக்கிறது. ஆண்கள் சிரிக்க வேண்டாம். கமிட்டித் தேர்தலை நான் பார்த்திருக்கிறேன்.) ஆக, அந்தச் சபையில் சண்டை போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள், எப்பாப்பிரோதீத்துவை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் இருந்தார்கள். இவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் "நீங்கள் சந்தோஷமாயிருங்கள்" என்கிறார்.

எல்லாரும் சேர்ந்து தூக்க வேண்டிய ஒரு பாரத்தை உங்கள் ஒருத்தி தலையில் வைத்துவிட்டு, தூக்க முடியவில்லையே, நீ கீழ்ப்படியாதவள் என்றால் அது நியாயமா? பன்னிரண்டு வருஷம் நீங்கள் பாடினீர்களே, அந்தப் பன்னிரண்டு வருஷமும் சபையில் யாரோ ஒருவருக்குப் பாட்டு வராமல்தான் இருந்திருக்கும். அவருக்காகவும் சேர்த்துத்தான் நீங்கள் பாடினீர்கள். இப்போது உங்கள் முறை. உங்களுக்காக அவர்கள் பாடட்டும். கட்டளை மீறப்படவில்லை, வேறு தோள் மாறியிருக்கிறது.

நிலையான சந்தோஷம் என்று ஒன்று உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் அது நம் நெஞ்சுக்குள் எப்போதும் ஒரே சூட்டில் எரிகிற அடுப்பு என்று நான் நினைக்கவில்லை. இயேசு பிடிபட்ட அதே ராத்திரி, அதற்குச் சற்று முன்னால் சீஷர்களிடம் பேசினதை யோவான் 16-இல் வாசியுங்கள். "உங்கள் சந்தோஷத்தை ஒருவனும் உங்களிடத்திலிருந்து எடுத்துப்போடமாட்டான்" என்கிறார். அதே மூச்சில், நீங்கள் இப்பொழுது துக்கமடைந்திருக்கிறீர்கள் என்பதையும் ஒத்துக்கொள்கிறார். துக்கப்படாதே என்று அதட்டவில்லை. நடுவில் ஒரு சின்ன வாக்கியம் இருக்கிறது: "நான் மறுபடியும் உங்களைக் காண்பேன்." நீங்கள் என்னைக் காண்பீர்கள் என்று இந்த இடத்தில் சொல்லவில்லை பாருங்கள். நான் உங்களைக் காண்பேன் என்கிறார். அந்தச் சந்தோஷம் நிலையாக இருப்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நம் பார்வை மங்கும். மூன்று மணிக்கு எழுந்து மாமியாருக்குத் துணி மாற்றுகிற நேரத்தில் ஒருத்திக்குத் தேவன் தெரியமாட்டார். அழுக்குத் துணிதான் தெரியும். அவர் கண்ணுக்கு நீங்கள் தெரிகிறீர்கள். உயிர்த்தெழுந்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது உங்களுக்கு அன்றைக்கு உணர்வாக இல்லாமல் போகலாம். அதனால் அவர் பார்வை திரும்பிவிடுவதில்லை.

முறுமுறுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தை உங்களை ரொம்பக் காயப்படுத்தியிருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்தது எங்கே? தங்கள் கூடாரங்களில். அதாவது தேவனுக்குப் பின்னால். புலம்பல் வேறே, அது அவர் முகத்துக்கு நேராகக் கேட்பது. ஆபகூக் தீர்க்கதரிசி முதல் அதிகாரத்திலேயே, எந்தமட்டும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்று சண்டைக்கு நிற்கிறார். நம் வீட்டுக் காலண்டர்களில் அவருடைய மூன்றாம் அதிகாரத்துக் கடைசிதான் வரும்: அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்". அழகான வசனம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் காலண்டரில் போடுவதில்லை. குடல் குழம்பிற்று, உதடு துடித்தது, எலும்பில் உக்கல் உண்டாயிற்று என்கிறார் அதில். உடம்பு நடுங்கிக்கொண்டே சொன்ன "மகிழ்ச்சியாயிருப்பேன்" அது. அங்கே போய்ச் சேர அவருக்கு மூன்று அதிகாரம் ஆயிற்று. நம்மை மட்டும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகச் சொல்கிறார்கள்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, புது வருஷத்துக்கென்று வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதில் 88-ஆம் சங்கீதம் வந்ததாக இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது. கடைசி வரியில்கூட ஒரு விடியல் கிடையாது. அதையும் சேர்த்துத்தான் நம் ஜெபப் புத்தகமாகத் தந்திருக்கிறார்கள். பாட்டு வராத ராத்திரியில் அதை வாய்விட்டு வாசியுங்கள். இல்லாவிட்டால் ஒரு நோட்டில் உங்கள் ஆபகூக் பட்டியலை எழுதுங்கள்: போரர், அடகுச் சீட்டு, விடுதிக் கட்டணம், மூன்று மணித் தூக்கம். "ஆனாலும் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று கீழே எழுதத் தோன்றாவிட்டால் எழுத வேண்டாம். தேதி மட்டும் போட்டு மூடி வையுங்கள்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். மலைக்குப் போன முதல் வருஷம், பிப்ரவரி மாதம் என்று நினைக்கிறேன், காப்பிப் பூவை வைத்து ஒரு பிரசங்கம் தயார் செய்தேன். காப்பி மொட்டு வறட்சியில் உறங்கிக் கிடக்கும். அந்த வறட்சி இருந்தால்தான் பூ மழை விழுந்ததும் எட்டுப் பத்து நாளில் மலை முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். ஆகவே சகோதர சகோதரிகளே, வறட்சிக்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று முழங்கினேன். எனக்கே என் பிரசங்கம் பிடித்திருந்தது. வாசலில் கைகொடுக்கும்போது, ஆயுசு முழுக்க எஸ்டேட்டில் பழம் பறித்த ஒரு பாட்டி நின்றார். "ஐயரே, ரொம்பக் காஞ்சா மொட்டு கருகிப் போகும். பூத்தது பிஞ்சு பிடிக்க இன்னொரு மழை வேணும். சும்மா காஞ்சா பூக்குமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாட்டி சொன்னது அத்தனையும் சரி. பூத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் அடுத்த மழை வராவிட்டால் அந்த வெள்ளையெல்லாம் வீண். அதனால்தான் வசதி உள்ளவர்கள் ஸ்பிரிங்ளர் போடுகிறார்கள். மற்றவர்கள் நிழலைக் காப்பாற்றுகிறார்கள், தூரில் சருகு மூடாக்கு போடுகிறார்கள். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: ஒரு செடி வாடினால் அதைப் பார்த்து "துளிர்" என்று நீங்கள் கட்டளையிடுவீர்களா? நிழல் தருகிற சில்வர் ஓக் மரத்தின் கிளையைக் கழிக்கலாமா விடலாமா என்று பார்ப்பீர்கள், தூரைத் தொட்டு ஈரம் பார்ப்பீர்கள். உங்களுக்கு அந்த நிழலை யார் கொடுக்கிறார்கள்? கர்த்தர் நமக்கு நிழலாயிருக்கிறார் என்று 121-ஆம் சங்கீதம் சொல்கிறது. நம் ஊரில் அந்த நிழல் பெரும்பாலும் ஆள் ரூபத்தில்தான் வரும். ஒருவர் வந்து ஒரு மணி நேரம் உங்கள் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தால் அதுவும் அந்த நிழல்தான். துன்பத்தை வெள்ளியைப் புடமிடுவதற்கு ஒப்பிடுகிற வசனத்தையும் சேலத்துக்காரன் என்கிற உரிமையில் எடுத்திருக்கலாம். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் வெள்ளி உருகுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் எரிகிறவளிடம் நெருப்பின் பயனைப் பற்றி வெளியே நிற்கிறவன் பேசக் கூடாது என்று இப்போதெல்லாம் நினைக்கிறேன்.

உடம்புக்கு வருவோம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கின அதே ஆள்தான். தேவன் அவரிடம் உடனே விசுவாசத்தைப் பற்றிப் பேசவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். மறுபடியும் சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றுதான் தூதன் சொன்னானே தவிர, "உனக்கு ஏன் இந்த அவிசுவாசம்" என்று கேட்கவில்லை.

எனக்கும் ஒருமுறை அப்படி ஆயிற்று. பிரசங்கம் செய்வேன், இறங்கி வந்தால் உள்ளே வெறும் பானை. காரணமில்லாமல் அசதி, எதிலும் நாட்டமில்லை. ஆவிக்குரிய வறட்சி என்று முடிவு கட்டி ஆறு மாதம் உபவாசம் இருந்தேன். கடைசியில் என் மனைவி வற்புறுத்தி ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனாள். தைராய்டு. காலையில் ஒரு சின்ன மாத்திரை. இரண்டு மூன்று மாதத்தில் சங்கீதம் எனக்குச் சங்கீதமாகவே கேட்க ஆரம்பித்தது. எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். அதோடு, இரண்டு வாரத்துக்கு மேலாக அநேகமாக எல்லா நாளும் மனசு இருண்டு, பிடித்த எதிலும் ருசியில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. டாக்டரிடம் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை எடுத்தால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பவுலின் கூடவே இருந்த லூக்கா என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். வைத்தியர் அவர்.

மாமியார் விஷயத்தில் நீங்கள் ஒருத்தியாகவே எல்லாம் செய்யக் கூடாது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். அதை ராத்திரி முழுக்க ஒருவரே செய்தால் அவர் தூங்குவது எப்போது? உங்கள் வீட்டுக்காரரிடம் பேசி ராத்திரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி அவருடையது. அவருடைய அம்மாதானே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். 2021-இல் தொடங்கிய திட்டம். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுப்பதும், நோய் தணிப்புக் கவனிப்பும் அதில் உண்டு.

சங்கத்து அம்மாக்களிடம் என்ன சொல்வது என்று தயங்குவீர்கள். நெகேமியா 8:10-ஐக் காட்டுங்கள். "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்று எல்லாருக்கும் மனப்பாடம். அதே வசனத்தின் முன்பாதியில் இருப்பது சாப்பாட்டு விஷயம்: நீங்கள் சாப்பிடுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்கிறார். கேட்டவர்கள் அதற்குமுன் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய மகிழ்ச்சி தூக்குவாளியில் வீடு வீடாகப் போயிருக்கிறது. எனவே அடுத்த முறை யாராவது "சிரித்த முகமாயிரு" என்றால், "சிரிக்கிறேன் அக்கா, வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் அத்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறீர்களா, நான் கொஞ்சம் தூங்க வேண்டும்" என்று கேளுங்கள். கோபமாக இல்லை, நிஜமாகவே கேளுங்கள். பாதிப் பேர் நழுவுவார்கள். ஒருவர் வருவார். ஒருவர் போதும். உங்கள் ஆயரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டலாம். அவருக்கு இதில் வேலை இருக்கிறது.

கடைசியாகப் பாடகர் குழு. விலகிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு மாதம் லீவு சொல்லிவிடுங்கள், ஆனால் கோயிலுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். பின்னால் ஒரு பெஞ்சில் உட்காருங்கள். பாட வேண்டாம். வாயசைக்கவும் வேண்டாம். சும்மா கேளுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நாம் பேசிக்கொண்டிருந்த அதே பிலிப்பி பட்டணத்தில், அந்த நிருபம் எழுதப்படுவதற்குப் பல வருஷம் முன்பு, பவுலையும் சீலாவையும் அடித்து, காலைப் பூட்டுகிற தொழுமரத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். நடுராத்திரியில் அவர்கள் பாடினதை அப்போஸ்தலர் 16 சொல்கிறது. நாமும் அவர்கள் இரண்டு பேரைப் பற்றியே பேசிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் அந்த 25-ஆம் வசனத்தின் கடைசியில் வேறு சிலரும் இருக்கிறார்கள்: "காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்." அவர்கள் யார், என்ன குற்றம் செய்தார்கள், ஒன்றும் எழுதவில்லை. அவர்கள் பாடினதாகவும் இல்லை. இருட்டில் உட்கார்ந்து மற்றவன் பாடுவதைக் கேட்டார்கள், அவ்வளவுதான். அடுத்த வசனத்தில் பூமி அதிர்ந்து, கதவெல்லாம் திறந்து, "எல்லாருடைய கட்டுகளும்" கழன்றன. பாடின இரண்டு பேருடையது மட்டுமல்ல.

பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். ராத்திரியை எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள் என்றும் எழுதுங்கள். பாட்டு வந்ததா என்று எழுத வேண்டாம். நான் அதைக் கேட்கப் போவதில்லை.

அன்புடன்,
உங்கள் ஐயா